மாடல் ரயில் எஞ்சினுக்குச் சக்கரம் மாற்றுவது எப்படி

பாயின்ட்டை, அதாவது தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தை, தாண்டும்போதெல்லாம் எஞ்சின் குதிக்கிறது. நேர்ப்பாதையில் போகும்போது டக் டக் என்று ஒரே சீராகச் சத்தம் வருகிறது. இல்லையென்றால் நேற்றுவரை நல்லா ஓடிக்கொண்டிருந்தது இன்றைக்குக் கள் குடித்தவன் மாதிரி தள்ளாடுகிறது. இந்த மூன்றில் எது இருந்தாலும் முதலில் சக்கரத்தைப் பாருங்கள். பார்க்கத்தான் சொல்கிறேன், உடனே மாற்றச் சொல்லவில்லை. நம்ம கடைவீதியில் நாலு கடை ஏறி இறங்கி வாங்குகிற சாமான் இல்லை இது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சக்கரத்தின் விலையைவிடத் தபால் செலவும் சுங்கவரியும் கூடிவிடும், வந்து சேரும்வரை எஞ்சின் அலமாரியில் தூங்கும். அதனால் மாற்றத்தான் வேண்டும் என்று உறுதியான பிறகு காசைச் செலவழித்தால் போதும்.

இங்கே சொல்வது எல்லாம் எச்ஓ அளவுக்கு, அதாவது உண்மையான ரயிலில் 87-ல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மி.மீ. பிரிட்டிஷ் ஓஓ வைத்திருப்பவர்களுக்கும் தண்டவாளம் அதே 16.5தான், வண்டி மட்டும் 76-ல் ஒரு பங்கு என்பதால் கொஞ்சம் பெரிசு. வேலை ஒன்றுதான். ‘என்’ (N) என்கிற சின்ன அளவு வைத்திருந்தால் முறை இதேதான், ஆனால் தண்டவாளமே 9 மி.மீ. என்பதால் கண்ணும் கையும் இதைவிட நிதானமாக இருக்க வேண்டும்.

முதலில் அழுக்கையும் பழுதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நம்ம நெல்லைப் பக்கம் ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று ஜன்னலைச் சாத்தினாலும் மாடி அறைக்குள் புழுதியைக் கொண்டுவந்து கொட்டும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் என்றால் தேரிக்காட்டுச் செம்மண், பவுடர் மாதிரி. இந்தப் புழுதி எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெயோடு சேர்ந்து சக்கரத்தில் கறுப்பாக ஒரு பட்டையாகப் படியும், காய்ந்தால் தார் போல இறுகும். இதைப் பார்த்துச் சக்கரம் தேய்ந்துவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தாலே போய்விடும். எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் மெடிக்கலில் சர்ஜிகல் ஸ்பிரிட் வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சினைக் கழற்றாமலே செய்ய வேண்டும் என்றால் தண்டவாளத்தின் குறுக்கே நனைத்த டிஷ்யூ ஒன்றைப் போட்டு, ஒரு பக்கத்துச் சக்கரங்கள் டிஷ்யூவில் இருக்க, மறுபக்கத்துச் சக்கரங்கள் வெறும் தண்டவாளத்தில் நின்று கரன்ட் எடுக்க, எஞ்சினைக் கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட விடுங்கள். டிஷ்யூவில் கறுப்புக் கோடுகள் விழும். பிறகு திருப்பி வைத்து மறுபக்கம். தின்னர், பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம், பிளாஸ்டிக் உருகும். உப்புத்தாள் அதைவிட மோசம். தேய்த்த அன்றைக்குப் பளபளப்பாகத் தெரியும், ஆனால் அந்தக் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு சீக்கிரமாக வந்து உட்காரும்.

துடைத்த பிறகும் சரியாகவில்லையா? அப்போதுதான் பழுது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். டேபிள் விளக்கு வெளிச்சத்தில் சக்கரத்தை ஒரு லூப் வழியாகப் பாருங்கள், வாட்ச் ரிப்பேர் செய்கிறவர் கண்ணில் இடுக்கிக்கொள்வாரே, அதுதான். தண்டவாளத்தில் படும் பரப்பில் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் அது மின்பொறி தின்ற இடம். சக்கரமும் தண்டவாளமும் சரியாகத் தொடாமல் விட்டு விட்டுத் தொடும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு பொறி பறக்கும், ஒவ்வொரு பொறியும் ஒரு குழி தோண்டும். வெள்ளி நிறப் பூச்சு தேய்ந்து உள்ளே மஞ்சளாகப் பித்தளை தெரிந்தால் அதுவும் மாற்ற வேண்டியதுதான், ஆனால் அவசரம் இல்லை. பழைய அமெரிக்க டீசல் மாடல்கள் சிலவற்றில் இரும்புத் தூளை அழுத்திச் செய்த சக்கரம் இருக்கும். நிறம் மங்கலான சாம்பல், காந்தம் வைத்தால் ஒட்டும். கடற்கரைப் பக்கம், உவரி, திருச்செந்தூர் மாதிரி ஊர்களில் இந்தச் சக்கரம் உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் இருப்பது கஷ்டம், தென்காசிக்காரர்களுக்குச் சாரல் காலத்தில் அதே பிரச்சினை. இந்த மாதிரி எஞ்சின் வைத்திருந்தால் யோசிக்காமல் நிக்கல் சில்வர் சக்கரத்துக்கு மாறிவிடலாம். நிக்கல் சில்வர் என்றாலும் அதில் வெள்ளி கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலப்பு. கரன்ட் நன்றாக எடுக்கும், துருப்பிடிக்காது.

ஆனால் டக் டக் சத்தம் வருகிறதே, அதற்குப் பாதிக்கு மேல் சக்கரம் காரணமாகவே இருக்காது. டீசல் மாடல்களில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் ஒரே அச்சு நீளமாக ஓடாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் பாதி அச்சு, அந்த இரண்டு பாதியும் நடுவில் உள்ள பிளாஸ்டிக் கியரின் குழாய்க்குள் இரண்டு பக்கமும் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும். பிளாஸ்டிக் குழாயின் துவாரத்தைவிட அச்சு ஒரு மயிரிழை தடிமன், அந்த இறுக்கத்தில்தான் பிடித்து நிற்கிறது. வருஷக்கணக்காக அந்த இறுக்கத்தைத் தாங்கித் தாங்கி ஒருநாள் கியர் விரிந்துவிடும். லூப்பில் பார்த்தால் இரண்டு பல்லுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரியும், விரலால் சக்கரங்களை எதிரெதிர்ப் பக்கம் லேசாக முறுக்கினால் அந்தக் கோடு வாய் திறக்கும். விரிந்த இடத்தில் மட்டும் பற்களுக்கு இடையிலான தூரம் கூடிவிடுவதால், மேலே உள்ள கியரின் பல் அங்கே வரும்போது ஒரு தடவை தட்டும். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு டக். பிடிமானம் போனதால் சக்கரமும் உள்ளேயோ வெளியேயோ நகர்ந்துவிடும், பாயின்ட்டில் குதிப்பதும் அதனால்தான். இந்தப் பழுதுக்குப் புதுச் சக்கரம் வாங்கிப் போட்டால் காசும் போய், டக் டக்கும் போகாது. கியரைத்தான் மாற்ற வேண்டும். பெவிகுவிக் போட்டு ஒட்டிவிடலாம் என்று தோன்றும். அந்தப் பிளாஸ்டிக் நைலான், இல்லையென்றால் அசிட்டால் வகை, பெவிகுவிக் பிடிக்காது. பிடித்த மாதிரி இருந்து ஒரு வாரத்தில் விட்டுவிடும், அதற்குள் பசை பல்லிலும் ஒழுகியிருக்கும்.

இப்போது இந்த வேலையிலேயே முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களின் உள்பக்க முகங்களுக்கு நடுவே உள்ள தூரம், இனி உள்ளளவு என்றே சொல்கிறேன், அதுதான் எல்லாம். எச்ஓவுக்கு 14.4 மி.மீ. சுற்றி இருக்க வேண்டும், ஓஓவுக்கு 14.5 என்று வைத்துக்கொள்ளலாம். சக்கரம் எவ்வளவு அழகாக, எவ்வளவு விலையாக இருந்தாலும் இந்த அளவு கால் மி.மீ. தப்பினால் அந்த எஞ்சின் வீட்டில் நிம்மதி இருக்காது. ஏன் என்று கேட்டால், பாயின்ட்டில் இரண்டு தண்டவாளமும் வெட்டிக்கொள்ளும் மூக்குப் பகுதி இருக்கிறதல்லவா, அதற்கு நேர் எதிரே மறுபக்கத் தண்டவாளத்தை ஒட்டி இன்னொரு துண்டுத் தண்டவாளம் இருக்கும். அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் முதுகைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கத்துச் சக்கரம் மூக்கில் போய் முட்டாமல் காப்பது அதன் வேலை. உள்ளளவு கூடினால் பிடித்தும் பிரயோசனம் இல்லை, சக்கர விளிம்பு நேராக மூக்கில் போய் மோதும். குறைந்தால் இரண்டு சக்கரமும் உள்பக்கத் துண்டுகளைக் கவ்விக்கொண்டு மேலே ஏறும். பெரிய ரயிலிலும் இதே கதைதான். அகலப்பாதையில் தண்டவாளத்துக்கு நடுவே 1676 மி.மீ., சக்கரத்தின் உள்ளளவு 1600 மி.மீ. அவ்வளவு பெரிய சக்கரத்துக்கே கூடினால் 2 மி.மீ., குறைந்தால் 1 மி.மீ. என்றுதான் விடுகிறார்கள். நம்ம மேஜை ரயிலுக்கு 0.1 மி.மீ.க்கு மேல் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அதனால் எதையும் கழற்றும் முன் எல்லா அச்சையும் டிஜிட்டல் வெர்னியர் காலிபரால் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வரும் விலை குறைந்த காலிபரே இதற்குப் போதும், அளக்கும் முன் வாயை மூடிப் பூஜ்யம் வைக்க மறக்காமல் இருந்தால் சரி. நாலு அச்சும் 14.4 காட்டி, ஒன்று மட்டும் 13.9 காட்டினால் குற்றவாளி அகப்பட்டாச்சு. சக்கரம் மாற்றவே வேண்டாம், கியர் நன்றாக இருந்தால் இழுத்துச் சரிசெய்து விடலாம்.

மீட்டர்கேஜ் மாடல் செய்கிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. நெல்லை–தென்காசி பாதை 2012-லும், செங்கோட்டை–புனலூர் பாதை 2018-லும் அகலப்பாதையாகிவிட்டாலும், அந்தப் பாதையில் ஓடிய ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சினை மனசிலிருந்து கழற்ற முடியாதவர்கள் நம்ம சீமையில் இருக்கத்தான் செய்கிறார்கள். எச்ஓ அளவில் மீட்டர்கேஜ் என்றால் தண்டவாளம் 12 மி.மீ. அங்கே 14.4 என்ற பேச்சுக்கே இடம் இல்லை. உங்கள் எஞ்சினில் ஒழுங்காக ஓடும் அச்சை அளந்து அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச் சக்கரம் வாங்குவதற்கு மூன்று அளவு வேண்டும்: தண்டவாளத்தில் படும் இடத்தின் விட்டம், பாதி அச்சின் தடிமன், அந்த அச்சின் நீளம். விட்டத்தை அளக்கும்போது உள்பக்க விளிம்பைச் சேர்த்து அளந்துவிடாதீர்கள், விளிம்பை விட்டுத்தான் கணக்கு. அமெரிக்க டீசல் மாடல்களில் 40 அங்குலச் சக்கரம் என்று போட்டிருப்பார்கள், அது உண்மையான எஞ்சினின் அளவு, மாடலில் 11.7 மி.மீ. வரும். அமெரிக்க அடிச்சட்டத்தின் மேல் நம்ம ஊர் டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சினின் உடம்பை வைத்துக் கட்டுகிறவர்கள் ஒன்று கவனிக்கலாம், உண்மையான டபிள்யூடிஎம்-2-க்குப் புதுச் சக்கரத்தின் விட்டம் 1092 மி.மீ., அதை 87-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. ஆகவே 40 அங்குலச் சக்கரத்தைவிட 42 அங்குலச் சக்கரம் கண்ணுக்குப் பொருத்தமாக இருக்கும், கீழ்க்கூட்டில் இடிக்காமல் இருந்தால். மாற்றினால் எல்லாச் சக்கரத்தையும் மாற்ற வேண்டும், ஒன்றிரண்டை மட்டும் பெரிசாகப் போட்டால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு மோட்டார் சூடாகும். விளிம்பின் ஆழத்தையும் பாருங்கள். பழைய ஐரோப்பிய மாடல்களில் விளிம்பு ரொம்ப ஆழமாக இருக்கும், உயரம் குறைந்த தண்டவாளத்தில் ஓட்டினால் கட்டை மேல் உள்ள ஆணித் தலைகளில் தட்டிக்கொண்டே போகும். அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ வகுத்த ஆர்பி-25 சக்கர வடிவம் என்று குறிப்பிட்டிருக்கும் சக்கரத்தை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

கருவிக்கு வெளிநாட்டுப் பெட்டி எதுவும் தேவையில்லை. டவுன் ரதவீதிப் பக்கம் நகைப்பட்டறைக்குச் சாமான் விற்கும் கடையில் நல்ல சாமணம், மெல்லிய அரம், சின்னத் திருப்புளி செட் எல்லாம் கிடைக்கும், வெளிநாட்டு ஹாபி கருவிகளுக்கு எந்த விதத்திலும் குறைச்சல் இல்லை. கடைசலுக்குப் பேட்டைப் பக்கம் லேத் பட்டறைகள் இருக்கின்றன. ஆனால் அங்கே போய்ச் சக்கரமே கடைந்து தரச் சொல்லாதீர்கள். பட்டறையில் சாதாரணமாக இருக்கும் மூன்று தாடை சக்கில் இவ்வளவு சின்னச் சாமானைப் பிடித்தால் மையம் கொஞ்சமாவது விலகும், பெரிய வேலையில் தெரியாத அந்த விலகல் பன்னிரண்டு மி.மீ. சக்கரத்தில் ஆட்டமாகத் தெரியும். "அண்ணாச்சி, பித்தளையில ஒரு கட்டை, அகலம் சரியா 14.4, நடுவுல அச்சும் அதுல உள்ள கியரும் நுழையிற அளவுக்கு ஒரு காடி" என்று கேளுங்கள். "எதுக்குப்பா இது?" என்றுதான் முதலில் கேட்பார், பொம்மை ரயிலுக்கு என்று சொன்னால் சிரிப்பார், ஆனால் பாயின்ட் நாலுக்கு மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சீவிக் கொடுப்பார். இந்தக் கட்டை ஒன்று கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சரி, டீசல் எஞ்சினைப் பிரிப்போம். மேஜையில் பழைய வெள்ளை வேஷ்டியோ துண்டோ விரித்துக்கொள்ளுங்கள், தெறித்து விழும் சாமான் உருண்டு ஓடாது, தேடவும் எளிது. ஒவ்வொரு கட்டத்திலும் மொபைலில் ஒரு போட்டோ எடுங்கள், இது வீண் வேலையாகத் தோன்றினாலும் திரும்ப மாட்டும்போது அருமை தெரியும். மேல்கூட்டைக் கழற்றுங்கள். சிலதில் அடியில் மரையாணி இருக்கும், சிலதில் பக்கவாட்டில் கொக்கி, கொக்கி என்றால் நகத்தாலோ மழுங்கிய பிளாஸ்டிக் துண்டாலோ நெம்ப வேண்டும், திருப்புளியால் நெம்பினால் ஓரம் பிய்யும். நிறைய மாடல்களில் சக்கரம் மாற்ற மேல்கூட்டைக் கழற்றவே தேவையில்லை, எஞ்சினைத் தலைகீழாகப் பஞ்சு மெத்தை மேல் படுக்க வைத்து, சக்கரக் கூட்டின் அடித்தட்டை மட்டும் எடுத்தால் போதும். சக்கரக் கூடு என்றது போகியைத்தான். அடித்தட்டு நாலு கொக்கியில் மாட்டியிருக்கும், ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக விடுவியுங்கள். தட்டு வந்ததும் அச்சுகள் அப்படியே மேலே எடுக்க வரும். ஒவ்வொரு அச்சிலும் சக்கரத்துக்கும் கியருக்கும் நடுவே சின்ன வெண்கலத் தாங்கி இருபக்கமும் இருக்கும், அதில் ஒரு பக்கம் உதடு மாதிரி ஓரம் இருந்தால் அது எந்தத் திசை பார்த்து இருந்தது என்று பாருங்கள். மாற்றி மாட்டினால் அச்சு இறுகி நிற்கும், காரணம் தெரியாமல் திண்டாடுவீர்கள்.

பழைய சக்கரத்தை எடுப்பதற்குக் குறடு வேண்டாம். கியரை ஒரு கையிலும் சக்கரத்தை இன்னொரு கையிலும் பிடித்து, முறுக்கிக்கொண்டே இழுங்கள், பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் சக்கரத்தின் முதுகில் திருப்புளி விட்டு நெம்பும் ஆசை வரும், அதை அடக்க வேண்டும், நெம்பினால் ஒரு பக்கம் மட்டும் வளைந்து அச்சு கோணும். சக்கரத்தை இருபுறமும் சமமாகத் தாங்கிக்கொண்டு நடுவில் ஒரு திருகால் அச்சை வெளியே தள்ளும் சின்ன இழுப்பான் கிடைக்கிறது, இதே லேத் பட்டறையில் செய்தும் வாங்கலாம். வாட்சின் முள் எடுக்கும் கருவியைப் பார்த்திருக்கிறீர்களா, தத்துவம் அதேதான், உருவம் கொஞ்சம் பெரிசு.

புதுச் சக்கரத்தைச் செருகும் முன் பாதி அச்சின் முனையை லூப்பில் பாருங்கள். வெட்டிய இடத்தில் கூர் ஓரம் இருந்தால் மெல்லிய அரத்தால் சுற்றிலும் லேசாகச் சரித்துவிடுங்கள். இந்தக் கூர் ஓரம்தான் புதுக் கியரையும் உள்ளே சீவிக்கொண்டு போய்ச் சீக்கிரம் விரிய வைக்கிறது. கையாலேயே நேராகப் பிடித்துத் தொடங்குங்கள், ஒரு மி.மீ. உள்ளே போனதும் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், ஆட்டம் இல்லாமல் சுழன்றால் நேராகப் போகிறது என்று அர்த்தம். பிறகு பென்ச் வைஸின் தாடைகளுக்கு அட்டையோ தோலோ வைத்து, இரண்டு சக்கரத்துக்கும் நடுவே அச்சின் மேல் பித்தளைக் கட்டையைப் பொருத்தி, கால் திருகு கால் திருகாக இறுக்குங்கள். சக்கரங்கள் இரண்டும் கட்டையில் வந்து தொட்டதும் நிறுத்த வேண்டும். கியர் நடுவில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு பக்கத்து அச்சு அதிகமாகப் போய் மறுபக்கம் குறைவாகப் போயிருந்தால் உள்ளளவு சரியாக இருந்தும் கியர் கூட்டின் சுவரில் உரசிக்கொண்டு நிற்கும். சுத்தியல் எடுக்காதீர்கள், மெதுவாகத்தான் தட்டுவேன் என்றாலும் வேண்டாம்.

முடிந்ததும் அந்த ஒரு அச்சை மட்டும் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து உருட்டுங்கள். நேராக உருண்டால் இரண்டு சக்கரமும் ஒரே விட்டம், ஆட்டமும் இல்லை. வளைந்து போனால் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. நொண்டிக்கொண்டு உருண்டால் சக்கரம் அச்சில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, எடுத்து மறுபடி செருக வேண்டியதுதான். உள்ளளவை ஒரே இடத்தில் அளந்து விட்டுவிடாமல், சக்கரத்தைச் சுற்றிவிட்டு மூன்று நாலு இடத்தில் அளந்து பாருங்கள், கோணல் இருந்தால் அதிலும் தெரிந்துவிடும்.

அடுத்து மல்டிமீட்டர், தொடர்பு இருந்தால் பீப் சத்தம் போடும் நிலையில். ஒரே அச்சின் இரண்டு சக்கரத்திலும் முனைகளை வைத்தால் சத்தம் வரவே கூடாது. இரண்டு தண்டவாளத்தில் ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ், சக்கரம் இரண்டும் அச்சு வழியாகத் தொட்டுக்கொண்டால் ஷார்ட். பிளாஸ்டிக் கியர் நடுவில் இருக்கும் டீசலில் இந்தப் பயம் குறைவு, ஆனால் முழு அச்சு உள்ள மாடல்களில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் நடுவில் பிளாஸ்டிக் வளையம் இருக்கும், அதை எந்தப் பக்கம் மாட்டுகிறோம் என்பது முக்கியம். எல்லா அச்சிலும் பழையது எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம். டிசிசி டிகோடர், அதாவது டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டும் சின்ன எலெக்ட்ரானிக் பலகை, உள்ள எஞ்சின் என்றால் நேராகத் தண்டவாளத்தில் வைத்து அதிர்ஷ்டத்தைச் சோதிக்காதீர்கள். பைக் இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட், 10 வாட் பல்ப் ஒன்றைக் கரன்ட் வரும் ஒரு கம்பியில் தொடராக இணைத்துவிட்டு வையுங்கள். ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், டிகோடர் பிழைத்துக்கொள்ளும்.

நீராவி எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இது வேறு உலகம். இங்கே சக்கரங்களைப் பக்கவாட்டுக் கம்பி இணைக்கிறது, ஒரு பக்கத்துக் கம்பியை மாட்டும் முள் மேலே இருக்கும்போது மறுபக்கத்து முள் கால் சுற்று தள்ளி, அதாவது 90 பாகை விலகி, நிற்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் முனைப் புள்ளிக்கு வந்து எஞ்சின் சிக்கிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு, உண்மையான எஞ்சினிலும் இப்படித்தான். மீட்டர்கேஜ் ஒய்ஜி எஞ்சின் மாதிரி எட்டு இயக்கு சக்கரம் உள்ளதென்றால் நாலு அச்சும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். சரியாக 90 இருக்க வேண்டும் என்பதைவிட நாலிலும் ஒரே கோணம் என்பதுதான் அங்கே முக்கியம், எல்லாமே 88 ஆக இருந்தாலும் ஓடிவிடும், மூன்று 90 ஆகவும் ஒன்று 88 ஆகவும் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முக்கும். அதனால் என் அபிப்பிராயம், நீராவி எஞ்சினுக்குத் தனிச் சக்கரம் வாங்கிச் செருகும் வீரம் வேண்டாம், அதே மாடலுக்கு உள்ள முழு அச்சும் சக்கரமும் சேர்ந்த செட் கிடைத்தால் அதை வாங்குங்கள், கோணம் அவர்களே வைத்து அனுப்பியிருப்பார்கள். கழற்றும் முன் எந்த அச்சு எந்த இடம் என்று சக்கரத்தின் முதுகில் மார்க்கரால் எண் போடுங்கள். மாட்டிய பிறகு மோட்டாரின் புழுக்கியரை (திருகு மாதிரி இருக்கும் கியர்) விலக்கிவிட்டுச் சட்டத்தைக் கண்ணாடி மேல் வைத்து ஒரு பக்கத்தைத் தூக்குங்கள், தானாக வழுக்காமல் உருண்டு இறங்க வேண்டும். ஒரு இடத்தில் நின்றால் பக்கவாட்டுக் கம்பியின் மரையாணிகளை ஒவ்வொரு அச்சாகத் தளர்த்திப் பாருங்கள், எதைத் தளர்த்தும்போது ஓடுகிறதோ அந்த அச்சில்தான் கோணம் தப்பியிருக்கிறது.

சில எஞ்சின்களில் ஒன்றிரண்டு சக்கரத்தில் மட்டும் ரப்பர் வளையம் இருக்கும், இழுவைக்காக. அது நம்ம ஊர் வெயிலில் காய்ந்து பிளந்துவிடும், அதற்காகச் சக்கரத்தை மாற்ற வேண்டாம். காடியைச் சுத்தம் செய்து அதே அளவு புது வளையத்தைச் சாமணத்தால் மாட்டினால் முடிந்தது. பணக்கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டை வெட்டி ஒட்டுவது வேண்டாம், ஒட்டு வரும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சினைத் தூக்கிப் போடும்.

திரும்ப மாட்டும்போது சக்கரத்தின் முதுகைத் தொட்டுக் கரன்ட் எடுக்கும் மெல்லிய தகடு உள்ள மாடல் என்றால், அந்தத் தகடு சக்கரத்தை லேசாகத் தொடுகிறதா என்று பாருங்கள். ரொம்ப அழுத்தினால் பிரேக் மாதிரி வேலை செய்யும். எண்ணெய் வைப்பதில் கை தாராளமாகப் போகக் கூடாது, தாங்கிக்கு இன்சுலின் ஊசி முனையில் தொட்ட ஒரு பொட்டு, கியருக்குப் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸ் ஒரு துளி, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் நம்ம வீட்டில் கதவுக் கீலிலிருந்து பூட்டு வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஆகும், இதற்கு மட்டும் ஆகாது, மார்கழியில் உறைந்து மற்ற மாதங்களில் பிசினாகிவிடும்.

அப்புறம் பெட்டி எதுவும் மாட்டாமல் வெறும் எஞ்சினை அரை மணி நேரம் முன்னோக்கியும், அரை மணி நேரம் பின்னோக்கியும் நடுத்தர வேகத்தில் சுற்ற விடுங்கள். பாயின்ட்டுகள் எல்லாவற்றிலும் இரண்டு திசையிலும் மெதுவாக ஒரு தடவை, வேகமாக ஒரு தடவை. இறக்கி வைத்து உள்ளளவை மறுபடி அளந்து, முதலில் எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். எந்த அச்சாவது நகர்ந்திருந்தால் அதன் கியர் பிடிக்கவில்லை, புதிதாக வந்ததிலும் துவாரம் கொஞ்சம் பெரிசாக இருக்கக்கூடும். மரையாணிக்குப் போடும் லாக் திரவத்தை அங்கே விட்டு ஒப்பேற்ற நினைக்காதீர்கள், அது சில பிளாஸ்டிக்குகளை வெடிக்க வைக்கும், வேறு கியர் போடுவதுதான் வழி. ஆகையால் ஆர்டர் போடும்போதே கணக்குக்கு மேல் இரண்டு கியர் சேர்த்துப் போடுங்கள். ஒரு எஞ்சினில் உள்ள கியர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி வார்த்தவை, ஒன்று விரிந்த எஞ்சினில் மற்றவையும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கும், ஆகவே பிரித்த கையோடு எல்லா அச்சுக்கும் புதுசு போட்டுவிட்டு அடித்தட்டை மூடுங்கள்.